ஆறடி அண்ணன்

ஊரில் பாதிப் பேர் சிரிக்கிற சிரிப்பு பல்லுக்காரர் செய்து கொடுத்தது. இதை அவர் தற்பெருமையாகச் சொன்னதில்லை. கேட்டால் மட்டும் சொல்வார்; கேட்காவிட்டால், கேட்க வைத்துச் சொல்வார். பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஜெனரேட்டருக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருந்த ஓர் அறையில் முப்பத்தொரு வருடமாக அவர் பல்செட் செய்துவந்தார். முன்பக்கம் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, அச்செடுத்து, பெயர் வாங்குவார். பின்பக்கம் இவர் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, வேகவைத்து, ராவி, மெருகேற்றி, தொங்கிப்போன ஒரு முகத்தையே தூக்கி நிறுத்துவார். பெயர் டாக்டருக்குப் போவதில் அவருக்கு வருத்தம் கிடையாது. வருத்தம் கிடையாது என்பதை வாரத்துக்கு இரண்டு முறையாவது மனைவியிடம் சொல்லிவிடுவார்.

அவருடைய தொழில் தர்மம் ஒன்றே ஒன்றுதான்: போலி என்று தெரியக்கூடாது. புகைபிடித்தவருக்குப் புகையின் நிறம், வெற்றிலை போட்டவருக்கு ஓரத்தில் லேசான காவி, ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பல்லாவது கொஞ்சம் கோணல். "எல்லாத்தையும் வெள்ளையா வரிசையா வெச்சா அது பல்லு இல்லை, சோழி" என்பார்.

இப்பேர்ப்பட்ட கலைஞர் தன் கூடப்பிறந்த அண்ணனுக்குச் செய்து கொடுத்த பல்செட் மட்டும் ஆடியது.

கொஞ்சம்தான் ஆடியது. ஆனால் அண்ணன் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். மற்றவர்கள் முற்றுப்புள்ளி வைக்கும் இடத்தில் அவர் டக் வைப்பார். "தம்பி, இது கொஞ்சம் லூசா இருக்குடா. டக்." "அடுத்த வாரம் கொண்டாங்கண்ணே, சரி பண்ணிடலாம்." வெளி ஆட்களின் வேலை எப்போதும் அவசரம், அண்ணன் எங்கே ஓடிவிடப் போகிறார். இப்படியே அடுத்த வாரம் ஆறு வருடம் ஓடியது.

அந்த ஆறில் முதல் வருடத்திலேயே ஒரு விபரீதம் நடந்தது. மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு அண்ணன் சாப்பிடப் போனார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, முதல் வாயிலேயே பல்செட் நழுவித் தட்டில் விழுந்தது. மருமகன் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டார். சிரித்திருந்தாலே தேவலை. அண்ணன் எழுந்தார், பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டார், "இந்த வாசப்படியை இனி மிதிக்கமாட்டேன்" என்றார். டக். மிதிக்கவும் இல்லை. ஐந்து வருடம் கழித்து, அந்த வைராக்கியத்தோடே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

அவர் விட்டுப்போனவை மூன்று: அண்ணி, பல்செட், ஒரு மரம்.

மரம் என்றால் வாசலில் நிற்கிற மரம் இல்லை. கூடத்து மூலையில், மண் தொட்டியில், அண்ணன் உயரத்துக்கே ஆறடி நின்ற மரம். மழைக்காட்டு அத்திச் சாதி. வருடம் முழுக்கப் பச்சை. சின்னச் சின்ன இலை. கிள்ளினால் பால் வரும். செடிக்கடையில் ஃபைகஸ் என்பார்கள். தபால் பிரிக்கும் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றபின், அண்ணன் அதையும் ஓர் ஆபீஸ் போலவே நடத்தினார். சனிக்கிழமை ஒரு செம்புத் தண்ணீர். மாதம் பிறந்தால் தொட்டியைக் கால்வாசி திருப்புவது. ஈரத்துணியால் ஒவ்வொரு இலையையும், விலாசம் படிப்பவர் போலத் தூக்கிப் பார்த்துத் துடைப்பது.

அண்ணன் போனபின் அண்ணி சின்ன வீட்டுக்கு மாறினார். தரைத்தளம், பகலிலேயே விளக்குப் போட வேண்டும். அதனால் மரம், நாலாவது மாடியில் கிழக்கு ஜன்னல் வைத்திருந்த பல்லுக்காரர் வீட்டுக்கு வந்தது. வந்த அன்றே அண்ணி ஒரு கரண்டியால் மண்ணைத் தோண்டி, அண்ணனின் பல்செட்டை உள்ளே வைத்து மூடினார்.

"என்ன அண்ணி இது?" என்றார் பல்லுக்காரர்.

"இது இல்லாம அவரு எந்த இடத்துக்கும் கிளம்பினதில்லையே தம்பி. இது எங்க இருக்கோ அங்கதான் அவரும் இருப்பாரு."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அண்ணி வந்துவிடுவார். மரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு, கையில் டீயோடு உட்கார்ந்து, அந்த வாரத்துச் சமாச்சாரங்களைச் சொல்வார். கடைசியில் ஒரு கேள்வி கேட்பார். டீ தீர்வதற்குள் ஓர் இலை விழுந்தால் 'சரி'. விழாவிட்டால் 'கூடாது'. இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று தெரியாது. அண்ணியே போட்டு, அண்ணன் தலையாட்டியிருக்க வேண்டும். பதினாலு மாதத்தில் விழுந்தது மொத்தம் இரண்டே இலை. "உயிரோட இருக்கும்போதும் இதே பிடிவாதம்தான்" என்று அண்ணி காலி டம்ளரோடு எழுந்துகொள்வார். ஆனால் படி இறங்கும்போது முகம் தெளிந்திருக்கும். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் ஓடுகிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியும்.

விதி, வழக்கம்போல, நல்லெண்ணத்தின் வடிவில் வந்தது.

ஒரு திங்கட்கிழமை பல்லுக்காரர் மரத்தைப் பார்த்தார். தூசி படிந்து மங்கலாகத் தெரிந்தது. அண்ணன் ஈரத்துணியால் துடைப்பார் என்பது அவருக்கு நினைவிருந்தது. ஆனால் ஈரத்துணி என்பது பாமரர் முறை. தொழில் தெரிந்தவர் வேறு செய்வார். வேலையறையில் ஒரு திரவம் உண்டு. பல்செட்டை முடித்துக் கடைசியில் பஞ்சில் தொட்டு ஒரு துடை துடைத்தால் கண்ணாடி தோற்கும். அதை ஒரு புட்டியில் கொண்டுவந்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து, ஆறடி அண்ணனுக்கு மேலிருந்து கீழ்வரை மெருகேற்றினார்.

"நாத்தம் குடலைப் புரட்டுது" என்றார் மனைவி.

"மின்னுதா இல்லையா, அதைச் சொல்லு."

மின்னியது. செவ்வாய்க்கிழமையும் மின்னியது. புதன்கிழமை மின்னிக்கொண்டே கீழே விழுந்தது. வியாழக்கிழமை பார்த்தால் தரை முழுக்க மினுமினுக்கும் இலை. மூலையில் குச்சிகள் நீட்டிக்கொண்டு நின்றது எலும்புக்கூடு.

"உங்க அண்ணன் ஆயுசுல இவ்வளவு 'சரி' சொன்னதே இல்லை" என்றார் மனைவி. சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பல்லுக்காரர் முப்பத்தொரு வருட அனுபவத்தையும் திரட்டினார். விழுந்த இலைகளில் ஐந்தை, வெளிறியதில் இருந்து கரும்பச்சை வரை, ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டினார். பல்லுக்கு நிறம் பொருத்த அவர் வைத்திருக்கும் அட்டை போலவே. டேப்பும் அட்டையுமாகச் செடிக்கடைக்குப் போய், ஒவ்வொரு மரமாக உயரம் அளந்து, இலை நிறம் ஒப்பிட்டு, பழையதைப் போலவே இடுப்பருகே லேசாக வளைந்த ஒன்றைத் தேடினார்.

"சார், மரம் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார் செடிக்கடைக்காரர்.

"ஒண்ணு போச்சு. அதே மாதிரி வேணும்."

"எல்லாமே ஒரே தாய் மரத்துக் குச்சியை வெட்டி வெட்டி வெச்சதுதான் சார். எதை எடுத்தாலும் அதேதான். இடம் மாறினதும் கொஞ்ச நாள் இலை கொட்டும், பயந்துக்காதீங்க. ஒரு மாசத்துல நின்னுடும்."

பழைய தொட்டி, பழைய மண், பழைய பல். மரம் மட்டும் புதிது. பழைய மரத்தை மூன்று துண்டாக வெட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினார்கள். பல்செட்டை மனைவிதான் கழுவித் திருப்பிப் புதைத்தார். ஞாயிறு நாலு மணிக்கு அண்ணி வந்து உட்கார்ந்து, மரத்தை மேலும் கீழும் பார்த்து, "இந்த வாரம் முகம் தெளிவா இருக்கு" என்றார். பல்லுக்காரர் வாழ்க்கையில் செய்த மிகச்சிறந்த வேலை அதுதான். வெளியே சொல்ல வழியில்லை.

புது மரம் தங்கமான மரம். கேட்டதற்கெல்லாம் இலை போட்டது. அடுப்பை மாற்றட்டுமா? இலை. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டுமா? இலை. அன்று கோபத்தில் உங்களைப் பேசினேனே, மனசில் வைத்துக்கொள்ளவில்லையே? டீ பாதிகூடத் தீரவில்லை, இலை. முப்பத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் கிடைக்காத மரியாதை அண்ணிக்கு ஏழு மாதத்தில் கிடைத்தது. "போனதுக்கப்புறம் எவ்வளவு நல்ல மனுஷனா மாறிட்டாரு பாரு தம்பி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பல்லுக்காரருக்குத் தூக்கம் போனது அதனால் இல்லை. இடம் மாறிய மரம் கொட்டும் என்று சொன்னது சரி. ஒரு மாதத்தில் நின்றதும் சரி. திங்கள் முதல் சனி வரை ஒரு சருகு விழுவதில்லை. அவரே தினமும் குனிந்து தேடிப் பார்த்தார். ஞாயிறு நாலு மணிக்கு, அண்ணி கேள்வியை முடித்து டம்ளரை வாயருகே கொண்டுபோகும் நேரத்தில் மட்டும் மேலே ஒரு காம்பு தளர்ந்து, பச்சையாக ஓர் இலை சுழன்று சுழன்று இறங்கும். ஜன்னலைச் சாத்தினார். மின்விசிறியை நிறுத்தினார். ஒரு ஞாயிறு வேண்டுமென்றே அண்ணியை அரை மணி தாமதப்படுத்தினார். இலையும் அரை மணி காத்திருந்தது.

பிறகு சத்தம் தொடங்கியது.

முதலில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் தனியாகக் கண் அயரும்போது. டக். எழுந்து உட்கார்ந்தால் எதுவும் இல்லை. மரம் நிற்கும். செருப்பு மாட்டும்போது, முதுகுக்குப் பின்னால், டக். யாரோ ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்தது போல. வாக்கியம் கேட்காது, முடிவு மட்டும் கேட்கும். வேலையறை அலமாரியில் அண்ணன் வாயின் பிளாஸ்டர் அச்சு இன்னும் இருந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை. சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். மறுநாள் அது அவரைப் பார்த்து இருந்தது. பெருக்க வந்த அம்மாள் திருப்பியிருக்கலாம். அவர் கேட்கவில்லை, 'இல்லை' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது.

"உனக்கு எதுவும் கேக்குதா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"கேக்கலை. ஆனா அந்த ஹாலுல நான் துணி மாத்துறதை நிறுத்தி ஆறு மாசமாச்சு" என்றார் மனைவி. "கடையில வாங்கினதுதான், எனக்கே தெரியும். இருந்தாலும் பெரியவர் நிக்கிற மாதிரி இருக்குங்க."

அப்புறம் அந்த ஞாயிறு வந்தது. அண்ணி டீயை வாங்கிக்கொண்டு, தொண்டையைச் செருமி, மரத்திடம் சொன்னார்: "என்னங்க, மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. மாப்பிள்ளையும் போன்ல வந்து, அன்னிக்கு நடந்ததுக்கு மன்னிச்சிடுங்க அத்தைன்னாரு. வீட்டைக் காலி பண்ணிட்டு அவங்ககூடவே போயிடட்டுமா? நீங்க அந்த வாசலை மிதிக்க மாட்டேன்னு சொன்னவரு. உங்களை மீறிப் போகமாட்டேன்."

பல்லுக்காரர் சுவரோரமாக நின்று, முதல் தடவையாக, இலை விழக்கூடாது என்று வேண்டினார்.

இரண்டு விழுந்தன.

அண்ணி அழுதார், சிரித்தார், மறுநாளே வீட்டுக்காரரிடம் சாவி தருவதாகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை வண்டி.

பல்லுக்காரரின் நிலைமையை எண்ணிப் பார்க்க வேண்டும். போலிப் பல் கட்டியவர் போலிச் சிரிப்பு சிரிக்கலாம், கேடில்லை. இங்கே போலி அண்ணன் ஒருவர், நிஜ அண்ணன் சாகும்வரை மன்னிக்காத ஆளை மன்னித்துவிட்டார். அதை நம்பி ஒரு பெண்மணி இருந்த வீட்டையும் விடுகிறார். போய் அங்கே ஒத்துவராமல் போனால் திரும்பி வர வாசல் கிடையாது. வியாழனுக்குள் சொல்லியாக வேண்டும். சொன்னால் அண்ணிக்கு அண்ணன் இன்னொரு தடவை சாவார். திங்கட்கிழமை போன் எடுத்தார்; சாமான் கட்டக் கயிறு இருக்கிறதா என்று கேட்டு வைத்துவிட்டார். செவ்வாயும் எடுத்தார், மழை வருமா என்று கேட்டார்.

புதன் காலை அண்ணியே வந்து நின்றார், கையில் இரண்டு பழைய போர்வை, சணல் கயிறு.

"இவரையும் ஏத்திடலாம் தம்பி. நாளைக்கு வண்டியில நிக்க வெச்சுத்தான் கொண்டுபோகணும். படுக்கப் போட்டா முதுகு வலிம்பாரு."

மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு வந்து நின்று, கணவரைப் பார்த்தார். நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை.

"அண்ணி," என்றார் பல்லுக்காரர். "இது அண்ணன் இல்லை."

"என்னடா?"

"வேற மரம். கடையில வாங்கினது. ஏழு மாசமாச்சு."

அண்ணி போர்வையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். பல்லுக்காரர் மெருகில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அட்டையில் இலை ஒட்டியதைக்கூடச் சொன்னார்.

"அவரை என்ன பண்ணே?"

"காஞ்சு போயிட்டாரு அண்ணி. குப்பை வண்டியில..."

"முழுசாவா?"

"மூணு துண்டா. நீளமா இருந்தா ஏத்தமாட்டேன்னுட்டாங்க."

"எந்தக் கிழமை?"

"வெள்ளிக்கிழமை."

"அந்த வெள்ளிக்கிழமை நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு ஞாபகமே இல்லையே" என்றார் அண்ணி. போர்வையில் பிரிந்திருந்த நூல் ஒன்றை விரலில் சுற்றினார். இந்த மாதிரி நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவர் இல்லை பல்லுக்காரர். செடிக்கடைக்காரர் சொன்னதை எடுத்துவிட்டார்.

"ஒரு வகையில பார்த்தா இதுவும் அதேதான் அண்ணி. ரெண்டும் ஒரே தாய் மரத்துல வெட்டின குச்சிதானாம்."

"உன்னையும் அவரையும் பெத்ததும் ஒரே வயிறுதான். அதுக்காக உன்கூட நான் குடும்பம் நடத்த முடியுமா?"

சமையலறையில் யாருக்கோ இருமல் வந்தது.

அண்ணி எழுந்தார். புதிய மனிதர் எதிரே நிற்பதுபோல முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. ஆள் தெரியாம ஏழு மாசமா என்னென்னவோ பேசிட்டேன். எல்லாம் வீட்டு விஷயம்" என்று மரத்திடம் சொன்னார். பிறகு ஏதோ உறைத்தது போலத் திரும்பினார். "அப்ப மாப்பிள்ளையை மன்னிச்சது?"

"அண்ணன் மன்னிக்கலை அண்ணி."

"இவரா? இவரு யாரு மன்னிக்க?"

ஓர் இலை விழுந்தது. மூவரும் பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை.

"பல்லாவது இருக்கா?"

"அதே பல்லு. இவதான் வெச்சா."

அண்ணி கரண்டியை வாங்கி மண்ணைக் கிளறினார். நாலு விரல் ஆழத்தில் தட்டுப்பட்டது. ஆனால் வரவில்லை. பல்லுக்காரர் முட்டி போட்டு மண்ணை விலக்கிப் பார்த்தார். தாடை வளைவுக்குள் புகுந்து, பல்லுக்குப் பல் இடைவெளியில் நூல்நூலாக வேர் இறங்கி, முறுக்கிப் பிடித்திருந்தது. முப்பத்தொரு வருடத்தில் அத்தனை கச்சிதமாகப் பொருந்திய பல்செட்டை அவர் பார்த்ததில்லை. இழுத்தார், ஆடவே இல்லை. வேர்தான் அறுந்து, வெள்ளையாகப் பால் கசிந்து அவர் விரலில் ஒட்டியது.

"விட்டுடு" என்றார் அண்ணி. "இப்பதான் பொருந்தியிருக்கு."

பல்லுக்காரர் எழுந்திருக்கவில்லை. மண் கையோடு கேட்டார்: "அந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்குமா அண்ணி? டக்னு."

"இல்லையே. அவரு போன நாள்ல இருந்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேக்காதான்னு எத்தனை நாள் காத்துட்டு இருந்திருக்கேன்." அவர் கொழுந்தனாரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அது உனக்குத்தானேடா கேக்கணும்."

பல்லுக்காரர் தலையாட்டினார்.

"சரி, இப்ப நீ சொல்லு. நான் போகட்டுமா, வேணாமா?"

"அண்ணன் இருந்தா வேணாம்னுதான்..."

"அவரைக் கேக்கலை. அவரு வெள்ளிக்கிழமை போயிட்டாரு. உன்னைக் கேட்டேன்."

பல்லுக்காரர் யோசித்தார். "போங்க அண்ணி. பொண்ணு பக்கத்துல இருக்கும், பேச்சுத் துணை. சந்தோஷமா போயிட்டு வாங்க."

"என் வாய்க்குத் தகுந்த மாதிரி செஞ்சு குடுக்காதே. உன் வாயால சொல்லு."

கூடத்தில் எதுவும் அசையவில்லை. பல்லுக்காரர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "போகாதீங்க," என்றார். "உங்களுக்காகச் சொல்லலை. நீங்க வர்ற அந்த ஒரு மணி நேரம்தான் அவரு கோபமில்லாம இருக்காரு. மத்த நேரமெல்லாம் நான் தனியா இருக்கணும் அவர்கூட."

அண்ணி போர்வைகளை நான்காக மடித்தார். கயிற்றைச் சுற்றி மேலே வைத்தார். அவசரமே இல்லை. முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"பல்லைச் சரி பண்ணித் தாடான்னு ஆறு வருஷம் கேட்டாரு. அதுல நான் நடுவுல வரமுடியாது தம்பி. அது உங்க ரெண்டு பேர் பாடு. நான் போறேன். யாரும் இலை போட்டதுக்காக இல்லை. என் பொண்ணைப் பாக்கணும் போல இருக்கு."

வியாழக்கிழமை வண்டி வந்தது. பல்லுக்காரர்தான் சாமான் ஏற்றி முடிச்சுப் போட்டார். அண்ணி ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்து, இரண்டை அவிழ்த்துத் தானே போட்டார். டிரைவர் பக்கத்து இருக்கையில் ஏறி, பையை மடியில் வைத்து, கண்ணாடியை இறக்கினார்.

"அந்த மனுஷனுக்கு வாரத்துக்கு ஒரு செம்புக்கு மேல ஊத்தாதே. வேர் அழுகிடும். பாவம், யாரு பெத்த பிள்ளையோ."

வண்டி திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, பல்லுக்காரர் மாடி ஏறினார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் கொஞ்சம் நின்றார். மூச்சு வாங்கியது என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு மேலே போய், கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றாமலே கூடத்தின் நடுவில் நின்று, "அண்ணே, இந்த வாரம் நான் ஃப்ரீதான்" என்றார்.